ஏழாம் எண் முட்டை

சந்தையில் பன்னிரண்டு ரூபாய்க்குப் போகும் முட்டை.
நாலுக்கு நூறு தந்து
மீதி வேண்டாம் என்றாள் அந்தப் பெண்.
கையில் ரப்பர் உறை, தோளில் தெர்மாகோல் பெட்டி.
வெள்ளித்தாளில் ஒவ்வொன்றாய்ச் சுற்றி
மேலே பேனாவால் எழுதினாள்: ஏழு.
கோழிக்குப் பெயர் உண்டா என்றும் கேட்டாள்.
பெயர் எதற்கு, கூப்பிட்டால் வரும்.

அன்றைக்கும் மணலில் எரிந்துகொண்டிருந்தது,
ஆம்பூருக்கு மேற்கே,
பாலாறு என்பது பாலத்துப் பலகையில் மட்டும்
மிச்சமிருக்கும் இடத்தில்.
கம்ப்யூட்டர் வயர், டிவி வயர்,
கல்யாண மண்டபத்து சீரியல் வயர்
தயாளன் கடையிலிருந்து மூட்டையாய் வரும்.
தடித்ததை நான் கத்தியால் கீறி உரிப்பேன்.
மயிர்போல் மெலிந்ததை முனிரத்தினம் கொளுத்துவான்.
செம்பு சூடேறும்போது தீ பச்சையாகும்.
அப்படியொரு பச்சையை
இந்தக் கரையில் வேறெங்கும் பார்த்து
வருஷமாகிறது.

நாலு மாதம் கழித்து போன் வந்தது.

எனக்குக் கிராம் தெரியும்.
தயாளன் தராசில் கட்டைவிரல் வைத்தால்
அறுபது கிராம் போகும், அது தெரியும்.
அடகுக் கடையில் மில்லியும் கேட்டிருக்கிறேன்.
அவள் சொன்னது பிக்கோகிராம்.
ஒரு கிராமை லட்சம் கோடியாய் உடைத்தால்
அதில் ஒரு துண்டாம்.
இதை எதில் எடை போட்டீங்க என்றேன்.
வெளிநாட்டில் ஒரு மிஷின் இருக்கு அக்கா.
அப்படியென்றால்
எங்கள் வீட்டிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள்
அந்த முட்டைதான்.

டையாக்சின் என்றாள். இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.
நாற்றமில்லை, ருசியில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது.
புகையில் பிறந்து சாம்பலில் படுத்து
மண்ணைக் கொத்தும் அலகில் ஏறி
கொழுப்பைத் தேடிப் போய்க் குந்திக்கொள்ளும்.
உடம்புக்குள் வந்துவிட்டால்
பாதி கரைய ஏழு வருஷம்.
மீதியில் பாதிக்கு இன்னொரு ஏழு.
மாதனூர் வட்டிக்காரனுக்குக்கூட
இத்தனை பொறுமை கிடையாது.

வெளியே போக வழியே இல்லையா?

லைனில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு மெதுவாக,
ஒரு வழி பால், என்றாள்.
உடனே அவசரமாக,
ஆனா நிறுத்திடாதீங்க அக்கா,
அதுக்கு ஈடு எந்த டப்பாவிலும் இல்லை,
நெருப்பை நிறுத்துங்க.

தேன்மலர் அப்போது என் மடியில்தான் இருந்தாள்.
ஒன்பது மாதம்.
ஒரு கை தாலிக்கயிற்றில், வாய் தன் வேலையில்.
எடை பார்க்காமல்
என்னிடம் எதையும் வாங்கியவள்
இவள் ஒருத்திதான்.

ராத்திரி நாங்கள் சண்டை போடவில்லை.
கணக்குப் போட்டோம்.
மெல்லிசை உரித்தால் நாளைக்கு ஒன்றரை கிலோ.
கொளுத்தினால் பதினைந்து.
முனிரத்தினம் கணக்கை மறுபடியும் போட்டான்.
எரிக்கும் இடத்தை நாலு பனை தள்ளி மாற்றினான்.
காற்று அதே காற்று.

கோழிதான் பாக்கி.
தின்னக் கூடாது.
விற்கலாம், வாங்குகிறவளுக்கும் ஒரு மடி இருக்கும்.
முட்டையைப் புதைத்தேன், நாய் தோண்டியது.
அது மட்டும்
குடல் பிடுங்கிய டிவி கூட்டுக்குள் போய் உட்கார்ந்து
காலை தவறாமல் இட்டுவிட்டு
தெருவுக்கே கேட்கிற மாதிரி கொக்கரிக்கிறது.
வெதுவெதுப்பாய் இருக்கிறது, எந்த முட்டையையும் போல.

தட்டில் பதினேழு சேர்ந்துவிட்டது.
யாரும் தெரியாமல் எடுத்து உடைத்துவிடக் கூடாதென்று
கரித்துண்டால்
ஏழு, ஏழு, ஏழு என்று எழுதி வைக்கிறேன்.
கரி விரலில் ஒட்டுகிறது.
கழுவிவிட்டுத்தான்
பிள்ளையைத் தூக்குகிறேன்.