ஒரு மைல் கிழக்கே

மூவருக்கும் வணக்கம்.
பெயர் தெக்லா பித்ஹீர்னா.
சஸ்காச்சுவான், பதினேழாம் கிரிட் சாலை,
மேற்கு ஓரம்.
பேச ஐந்து நிமிடம் என்றார்கள்.
மேசைமேல் மணியையும் பார்த்தேன்.

நான் முதல் வாக்குப் போட்டபோது
எங்கள் தொகுதியின் பெயர் வெல்பி.
அவ்வளவுதான், மூன்றெழுத்து.
அதற்குள் ஏழு தானியக் கோபுரங்கள்,
இரண்டு ஹாக்கி அணிகள்,
ஒன்றோடொன்று பேசாத மூன்று தேவாலயங்கள்.
பிள்ளைகள் கால்கரிக்குப் போனார்கள்.
தொகுதி வெல்பி–ஹாலோ க்ரீக் ஆயிற்று.
ரயில் நின்றது.
வெல்பி–ஹாலோ க்ரீக்–மூஸ் பிளெய்ன்ஸ்.
ஆள் குறையக் குறையப் பெயர் நீண்டது.
கடைசியில் படிவத்தின் தலைப்பில் இடம் போதாமல்
வெல்பியை வெட்டினீர்கள்.
குறையாகச் சொல்லவில்லை.
அங்கே இப்போது ஓர் அஞ்சல் பெட்டியும்
யாருடையதென்று தெரியாத ஒரு நாயும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

சாலைக்குக் கிழக்கே இங்வால்ட் தோர்ஸ்ருட்.
அவன் ஒரு கட்சி. நான் அதற்கு நேர் எதிர்.
முப்பத்தொரு வருடம்
ஒரே டிரக்கில் வாக்களிக்கப் போனோம்.
பனி என்றால் அவன் ஓட்டுவான், சேறு என்றால் நான்.
நான் போட்ட பெருக்கல் குறியை
அவன் போட்ட பெருக்கல் குறி கழித்துவிடும்.
"வீட்டிலேயே இருந்திருக்கலாம், டீசல் மிச்சம்"
என்பான், ஒவ்வொரு முறையும்.
ஒருமுறையும் இருந்ததில்லை.
சிக்ரிட் இறந்த இலையுதிர்காலத்தில்கூட
பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு
வந்து ஹாரன் அடித்தான்.
"நான் வராவிட்டால் நீ ஜெயித்துவிடுவாய்."

இந்த முறை உங்கள் கோடு
எங்கள் சாலையின் நடுவே ஓடுகிறது.
பேனாவுக்கு வசதியான சாலை, தெரியும்.
இருபத்துநாலு மைல், வளைவே இல்லை.
அதன் முடிவில் சட்டென்று ஒடிந்து
மேற்கே விலகும், கவனித்தீர்களா?
உருண்டை பூமியில் சதுரம் சதுரமாய் நிலம் பிரித்தவர்கள்
வடக்கே போகப் போகக் கணக்கு இடிக்கவே
போட்ட திருத்தம் அது.
இரவில் வெளியூர்க்காரர்கள் அந்த ஒடிவு தெரியாமல்
நேரே போய்க் கனோலா வயலில் இறங்குவார்கள்.
நாங்கள்தான் டிராக்டரால் இழுத்துவிடுவோம்,
இங்வால்டும் நானும்,
சங்கிலியை யார் தப்பாக மாட்டியது என்று
சண்டை போட்டுக்கொண்டே.

ஆகவே
கோடு தப்பும் என்பது எங்களுக்குப் புதிதல்ல.
ஒடித்துத் திருத்தலாம் என்பதும்.

பள்ளி பொதுவா, சந்தை பொதுவா என்று
கேட்டிருக்கிறீர்கள்.
பள்ளியை மூடிவிட்டார்கள். சந்தை தொண்ணூறு மைல்.
எங்களுக்குள் பொது
ஒத்துப்போகாததுதான்.

புதிய தொகுதியில் என் பக்கம் எப்படியும் ஜெயிக்குமாம்.
அவன் தொகுதியில் அவன் பக்கம்.
இருவருக்கும் லாபம் மாதிரித்தான் தெரிந்தது.
நேற்று வேலியோரம் சொன்னேன்.
"அப்புறம் யாரிடம் தோற்பது?"
என்று கேட்டுவிட்டு
எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு மைல் கேட்கிறேன்.
எங்கள் இடத்தில் மட்டும்
கிழக்கே ஒரு மைல் ஒடியுங்கள்.
அதற்குள் இருப்பது அறுநூற்று நாற்பது ஏக்கர் மசூர் பருப்பு,
ஓட்டை விழுந்த ஒரு களஞ்சியம், அவன்.
உங்கள் விழுக்காடு அதனால் கெடாது.

மணி அடித்துவிட்டீர்கள்.

வெளியே டிரக்கில்தான் உட்கார்ந்திருக்கிறான்.
உள்ளே வரமாட்டான்.
வந்தால்
என் பக்கம் பேசியதாகிவிடுமாம்.