பன்னிரண்டாம் கண்ணி

ஹீட்டரை அணைத்துவிட்டேன். அது முனகும்.
பிப்ரவரி மாதம், டீஸ்டேல் பள்ளத்தாக்கு.
ஆள் வராத தேவாலயத்தை நாள் வாடகைக்கு எடுத்தால்
குளிரும் வாடகையில் சேர்த்திதான்.
கோட்டு போட்டு வாசித்தால் துணி உரசுகிறது,
கழற்றுங்கள் என்றேன்.
ஏவ்ரில் ஹெப்பிள் என்னை முறைத்தாள்.
பிறகு கழற்றினாள்.

பாதிரியார் அங்கி மாற்றிய அறையில் என் இயந்திரங்கள்.
ஹெட்ஃபோனில் எனக்கு அவள்
முகத்தைவிட நெருக்கம்:
எச்சில் விழுங்குவது, முழங்கை மூட்டு,
சுருதி கூட்டும்போது பல்லிடுக்கில் ஒரு வசவு.
வலக்கை நகங்களில் மூன்று அவளுடையவை அல்ல,
பிங்பாங் பந்தை வெட்டிப் பசை போட்டு ஒட்டியவை.
ஆறாம் தந்தியைத் தளர்த்தினாள்.
தந்தி கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு
கிணற்றில் வாளி நீரைத் தொட்டது.

இவள் பாடமாட்டாள்.
ஆல்பம் முழுக்கப் பழைய நாட்டுப் பாட்டுகள்,
சொல் ஒன்றுகூட இராது.
உதடு மட்டும் அசையும், கண்ணி பிசகாமல் இருக்க.
மூன்று நாளில் ஐந்து முடிந்தன:
கடத்தல்காரன் ஒருவன்,
கப்பலுக்குப் பிடித்துப்போன தச்சன்,
உப்பு சுமந்து செத்த கழுதை,
ஒரு நடனம், இன்னொரு நடனம்.

ஆறாவதுதான் இடித்தது.

நவம்பர் சந்தையில்
ஆறு மாதக் கூலிக்கு ஒரு பெண்ணை எடுக்கிறார்கள்.
கையில் ஒரு ஷில்லிங் வைத்தால் பேச்சு முடிந்தது.
பண்ணைக்காரன் மகன் இருக்கிறான்.
பனி இருக்கிறது.
பதினோராம் கண்ணியில் பனி உருகி
கல்சுவரோரம் அவளைக் காட்டுகிறது.
பன்னிரண்டில் அவன்
கறுப்புக் கோட்டு தைத்துக்கொள்கிறான்,
தேவாலயத்தில் அழுகிறான்,
ஊரே மெச்சுகிறது.
பாட்டு அத்தோடு சுபம்.

ஒன்பது முறை வாசித்தாள்.
ஒன்பதிலும் பன்னிரண்டாம் கண்ணி அழகாக வந்தது.
"அதுதான் பிடிக்கவில்லை" என்றாள்.

மதியம் சாண்ட்விச்சோடு ஒரு நகலை நீட்டினாள்.
சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய்ப் பாட்டு சேர்த்த ஒருவர்
1907இல் எழுதிய பக்கம்.
பாடியவர்: திருமதி டி., கோழி வளர்ப்பவர்.
அவளுக்கும் பெயர் அந்த ஓரெழுத்துதான்.
ஓரத்தில் பென்சிலில், தேய்ந்து:
பதினொன்றோடு நிறுத்திவிட்டார்.
மிச்சம் கணவர் சொன்னது.

நான் மென்றுகொண்டிருந்ததை மெல்ல மறந்தேன்.

நூறாண்டுக்கு மேலாக
அந்த மிச்சத்தையும் சேர்த்தே பாடியிருக்கிறோம்.
கண்ணி என்றால் பாட்டின் அடி,
கண்ணி என்றால் கால் மாட்டும் சுருக்கும்தான்.

பத்தாவது முறை.
பதினொன்று முடிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.
நிறுத்து என்று சைகை இல்லை.
தலை மட்டும் அசைந்துகொண்டிருந்தது,
ஒரு கண்ணியின் நீளத்தை எண்ணியபடி.

தந்தி தானாகத் தணிந்தது.
அதன் அடியில்:
கூரைத் தகரம் சிலிர்ப்பது,
காகங்கள்,
எங்கோ பால் லாரி கியர் மாற்றுவது,
வாசலில் சாவிக்காக நிற்கும் ரெய்ன் கிழவர்
செருமலை அடக்குவது.
முப்பத்தெட்டு வினாடி.
பிறகு முதல் கண்ணியை மறுபடி வாசித்தாள்,
சந்தை, ஷில்லிங்,
அதே மெட்டு, இன்னும் மெதுவாக.
இப்போது எனக்குத் தெரியும்
அந்தக் காசு எவ்வளவு குளிர் என்று.

சத்தத்தை வெட்டி எறிவதுதான் என் பிழைப்பு.
இருமலை எடுப்பேன், நாற்காலியை எடுப்பேன்,
ஒருமுறை ஒரு குழந்தையின் விக்கலைக்கூட எடுத்தேன்.
லாரியில் கர்சரை வைத்தேன்.
எடுக்கவில்லை.

மார்ச்சில் லீட்ஸ் ஆலையிலிருந்து கேட்டார்கள்:
ஆறாம் பாட்டு நடுவில் கோளாறா?
இல்லை, அங்கே ஒரு கண்ணி இருக்கிறது என்று எழுதினேன்.
புரியவில்லை என்று பதில் வந்தது.
ஏவ்ரிலிடம் சொன்னேன்.
நகம் ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.
"லாரி இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
"சரி."