இறாத்தல் கணக்கு

திமிலைதீவுப் பக்கம் இப்போதும்
ஒரு காற்றுப் பை தொங்குகிறது.
புதுசு. செம்மஞ்சள்.
எங்கள் காலத்துப் பையில் ஓட்டை இருந்தது.
கச்சான் அடித்தால் ஊளையிடும்,
அதைக் கேட்டே திசை சொல்வோம்.

நான் விமானி இல்லை, மெக்கானிக் இல்லை.
நிறுப்பவன்.
பெட்டியை நிறுப்பேன், பிறகு ஆளை நிறுப்பேன்.
டக்கோட்டாவுக்கு ஆள் யாரென்று தெரியாது,
இறாத்தல்தான் தெரியும்.
எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும்,
அப்பால் மேசையில் எழுதுகிறவனுக்குக் காது மந்தம்.

காணிக் கந்தோர் துரை நூற்றித் தொண்ணூறு.
மீராலெப்பை முதலாளி இருநூற்றிப் பதினாறு,
கக்கத்தில் ஒளித்த மஸ்கட் பொட்டலம் தனி.
பாதிரியார் ஒருவர்
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார்,
பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்போல.
அந்தத் தராசு எவருக்கும்
இரண்டு இறாத்தல் கூட்டிக் காட்டும்.
கழித்துச் சொல்வது என் உத்தியோகம்.

ஓடுபாதையில் எருமைகள் படுத்திருக்கும்.
ஒஸ்வால்ட் பார்த்தலட் ஜீப்பில் ஹோர்ன் அடித்துப் போவார்.
ஆறு மாதத்தில் எருமைகளுக்கு
நேர அட்டவணை பாடமாகிவிட்டது.
செவ்வாய், வியாழன், சனி
பத்தே காலுக்குத் தாமாக எழும்பும்.
விமானம் பிந்தினால்
பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து படுக்கும்.

வால் தரையில், மூக்கு வானத்தில்.
உள்ளே நடைபாதை ஒரு மலை.
முன்வரிசைக்குப் போகிறவர்கள்
சீட்டின் முதுகைப் பிடித்துப் பிடித்து ஏறுவார்கள்.
ஒருநாள் தயிர்ச்சட்டி ஒன்று மேலிருந்து உருண்டு
கடைசிக் கதவடியில் உடைந்தது.
கொழும்பு போகும்வரை எல்லோருக்கும் அந்த மணம்.

பரிமளகாந்தி டீச்சர், கல்லடி உப்போடை.
மாதம் ஒருமுறை மகரகம.
முதல் தடவை நூற்றி இருபத்தினாலு.
பிறகு நூற்றிப் பதினேழு.
பிறகு நூற்றிப் பத்து.
மழைக்கால மாதம் ஒன்றில்
முள் தொண்ணூற்றெட்டுக்கு வந்து நடுங்கி நின்றது.
டயல் என் பக்கம்.
வரிசையில் ஊரில் பாதி நின்றது.

"நூற்றிப் பத்து" என்று கத்தினேன்.

கழித்தே பழகியவன்
அன்றுதான் கூட்டினேன்.

டீச்சர் இறங்கவில்லை. என்னையே பார்த்தா.
"சீலைக்குள்ள கல்லு வச்சிரிக்கன் போல"
என்று சிரித்தா.
பிறகுதான் குடையை எடுத்துக்கொண்டு நடந்தா.

இல்லாத பன்னிரண்டு இறாத்தலையும் எழுதி,
கூட்டி, கையெழுத்து வைத்து அனுப்பினோம்.
எருமைகள் படுக்கும் இடத்துக்கு முன்னாலேயே
சில்லு தரையை விட்டது.
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.
வாவிக்கு மேலே அது திரும்பும்வரை
வாய்க்குள் உப்புக் கரித்தது.

அடுத்த மாதம் நூற்றி ஒன்பது என்றேன்.
அதற்கடுத்த மாதம் நூற்றி எட்டு.
முள் எங்கே நின்றதென்று
இதில் எழுத மாட்டேன்.

திரும்பி வந்தது இரவு மெயிலில், பெட்டியில்.
ரயிலில் ஆளை நிறுப்பதில்லை.

சேவை நின்றதை யாரும் முறைப்படி சொல்லவில்லை.
ஒரு செவ்வாய் பத்தே காலுக்கு
எருமைகள் எழும்பி ஓரத்தில் நின்றன,
அவ்வளவுதான்.
தராசை ஏலத்தில் எடுத்தவர் கருவாட்டுக் கடைக்காரர்.
அந்த இரண்டு இறாத்தலை
அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்,
அல்லது சொல்லவில்லை.

பிறகும் விமானங்கள் வந்தன, வருஷக்கணக்காய்.
அவற்றை நான் நிறுக்கவில்லை.
அவற்றுக்கு எவரும் கைகாட்டவுமில்லை.
சத்தம் கேட்டால் சட்டி பானையை விட்டு ஓடினோம்.

போன கிழமை கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு.
மகன் டிக்கற் போட்டிருந்தான்.
எட்டோ ஒன்பதோ சீட், தும்பி மாதிரி ஒன்று.
மூக்கும் வாலும் ஒரே மட்டம்,
ஏற மலை இல்லை.

கவுண்டரில் ஒரு பிள்ளை, நெற்றியில் சின்னதாய்ச் சாந்து.
"ஐயா, இதில ஏறுங்க. எத்தின கிலோ வரும்?"
"நூற்றி இருபத்தொன்பது" என்றேன்.

தலை முதல் கால்வரை பார்த்தாள்.
பைக்கற்றில் என்ன என்று கேட்கவில்லை.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
வேறேதோ எண்ணை எழுதினாள்.

எட்டிப் பார்த்தேன்.
வெளிச்ச எண்கள் அவள் பக்கம்.