நாற்பத்துமூன்று

ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்.
காலையில் அது ஒரு பொருட்டே இல்லை.
மூன்று மணிக்குப் பிறகு
தோள்பட்டைக்குத்தான் தெரியும் உண்மையான எடை.

விற்றுவிடலாம் என்றாள் யூட்டே,
தெர்மாஸ் மூடியில் காப்பி ஊற்றியபடி.
அறுவடை முடிந்த பார்லி வயல்.
அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் ஃபியோர்டு.
மோர்ஸ் தீவில் செப்டம்பர் காற்றுக்கு
பேச்சில் பாதியைத் தின்றுவிடும் பழக்கம்.
மீதிப் பாதியைக் கேட்டே
பிரெபெனுக்குக் கோபம் வந்துவிட்டது.

மூவரும் பங்கு போட்டு வாங்கியது.
யூட்டே பாதி, நாங்கள் இருவரும் கால் கால்.

அவள் சொல்வதில் பொய் இல்லை.
மழை பெய்த மறுநாள் அது
ஒன்றுமில்லாத இடத்தில் கூவும்.
மின்கம்பிக்குக் கீழே போனால் பைத்தியம் பிடிக்கும்.
பேட்டரி மூடி என்றோ தொலைந்துபோய்
அந்த இடத்தில் இப்போது பச்சை டேப்.

'எப்போது பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும்'
என்றார் பிரெபென்.
'புதியது எப்போது பொய் சொல்லும் என்று
யாருக்குத் தெரியும்?'

ஒரே ஒருமுறை
ஒரு வெண்கல உடைக்கொக்கியைக் காட்டிக்கொடுத்தது.
கொக்கி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.
நன்றிக் கடிதம் யூட்டேயின் ஃப்ரிஜ் கதவில்
மளிகைப் பட்டியலுக்கு அடியில்.

இரும்புக்குப் பன்னிரண்டு காட்டும்.
செம்புக்கு எழுபது. வெள்ளிக்கு எண்பத்திரண்டு.
நாற்பத்துமூன்று என்றால்
பியர் டப்பாவின் வளையம்.
அல்லது தங்கம்.
இரண்டையும் அது ஒரே குரலில்தான் கூப்பிடும்.

முதல் இரண்டு வருடம்
ஒரு நாற்பத்துமூன்றையும் விடாமல் தோண்டினோம்.
இருநூற்றுப் பதினாறு வளையங்கள்
என் காரேஜில், பீட்ரூட் ஊறுகாய் ஜாடியில் இருக்கின்றன.
பிறகு கைவிட்டோம்.
பிரெபென் மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தார்:
வேலியிலிருந்து நாற்பது அடி, ஒரு சாண் ஆழம், 43.
பக்கம் பக்கமாக 43.

ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தவர் பெயர் விகோ.
ஓல்போரிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தார்.
தண்டை நீட்டினார், சுருக்கினார்,
தன் பூட்ஸ் மேல் பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டு.
மெல்ல உயர்த்தினார்.
முழங்காலருகே அது குரலை மாற்றிக்கொண்டு கத்தியது.
'உள்ளே டைட்டேனியம்' என்றார் வெட்கத்தோடு,
பிறகு திரையைப் பார்த்து:
'நாற்பத்துமூன்று என்றால் என்ன?'

குப்பை என்றேன் நான்.
இன்னும் தெரியாது என்றார் பிரெபென்.
யூட்டே வாய் திறக்கவில்லை.
நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.
அன்றுதான் அதை முதன்முதலாகப் படிக்கிறாள்
என்று நினைக்கிறேன்.

வேறு இயந்திரத்துக்கு
நாற்பத்துமூன்று வேறு எதுவாகவோ இருக்கும்.
இந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தது
டேப் ஒட்டிய இந்த ஒன்றுதான்.

மூவாயிரம் குரோனர் தருகிறேன் என்றார் விகோ.
நல்ல விலை. நாங்கள் கேட்டதைவிட இருநூறு அதிகம்.
'இந்த சீசன் முடியட்டும்' என்றாள் யூட்டே,
பல் டாக்டரிடம் தேதியைத் தள்ளிப்போடுகிறவளின் குரலில்.
விகோவுக்குக் காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்தோம்.
தாள்கட்டைகளின் மேல் காலைச் சாய்த்து நடந்து
காருக்குப் போனார்.

மண்வெட்டியை அவளே எடுத்தாள்.
நான்காம் பக்கம், முதல் வரி.
கலப்பை அதை இரண்டடி நகர்த்தியிருந்தது.
தேடி, மண்டியிட்டு,
ஈரக் களிமண்ணை விரலால் பிட்டு

வளையம்.

பிரெபென் அந்த வரியைப் பென்சிலால் அடித்தார்.
அடுத்தது எங்கே என்றாள் எரிச்சலோடு,
ஏதோ நாங்கள் இருவரும்தான் இத்தனை வருடம்
அவளிடமிருந்து மறைத்துவைத்தது போல.