கடன் புத்தகம்

ஐம்பதுக்கு முன்னால் இங்கே இருந்ததற்கு
கையில் என்ன இருக்கு சேச்சி, என்றார் ரெஜிமோன் சார்.
வில்லேஜ் ஆபீசில் என்னை உட்காரச் சொன்ன
முதல் ஆள் அவர்.

சுகிர்தாவுக்கு நர்சிங் சீட்.
சாதிச் சான்று வராவிட்டால்
அது வேறு யார் மகளுக்கோ.

தாத்தன் குருவன் மூணாம் டிவிஷன் சரிவில் கிடக்கிறான்.
அவன் மேல் கம்பெனி
இரண்டு தடவை தேயிலை மாற்றி நட்டுவிட்டது.
ஒரு வேரைப் பிடுங்கி வந்து மேசையில் வைத்தால்
சீல் போடுவீர்களா
என்று கேட்க வாய் வந்தது. விழுங்கிவிட்டேன்.

பழைய பெரட்டுப் புத்தகமெல்லாம் கரையான் தின்றது என்று
எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள்
முத்திரை வைத்து.
கரையானுக்குச் சான்று கிடைத்துவிட்டது.

கடைசியில் கம்பத்தில்
கங்காணியின் பேரன் வீட்டில் ஒரு தகரப்பெட்டி,
தோற்றுப்போன தேர்தல் தட்டிகளுக்கு அடியில்.
திறந்து காட்ட ஐந்நூறு கேட்டான்.
மலையாளத்தாளுக நீங்க, காசுக்கென்ன குறை என்றான்.
காலையில் வண்டிப்பெரியாற்றில் பஸ் ஏறும்போது
அந்தப் பாண்டியை உள்ளே தள்ளு என்றது ஒரு குரல்.
நடுவில் ஒன்றரை மணி நேரம்.
கொண்டை ஊசி வளைவுகளில்
ஒருதரம் வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான்.

பேச்சி மகன் குருவன்.
கம்பளி ஒன்று. முன்பணம் ரூபாய் ஏழு.
நாற்பத்தாறாம் வருஷம், ஆவணி.

ஏழுக்குக் கீழே கோடு இல்லை.
அடைத்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பார்கள்.
அவனால் முடியாமல் போன ஏழு ரூபாய்
என் மகளுக்கு ஊர் ஆனது.

அணைச் சண்டை நடந்த டிசம்பரில்
லயத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கிடந்தோம்.
யூனியன் பாப்பச்சன் விடியவிடிய
வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.
அந்த பீடிக்குத்தான் இன்றுவரை என் ஓட்டு,
சின்னத்துக்கு இல்லை.
கொழுந்தனுக்கு இங்கே ஒன்று, மலைக்குக் கீழே ஒன்று.
பப்பாளிப் பாலில் மை போய்விடுமாம்.
எனக்கு இருக்கிற ஒரு விரலே
எந்தப் பக்கம் காட்டுவதென்று குழம்புகிறது.

பக்கத்து வீட்டுக்குப் போன மழையில் வந்தார்கள்
சோம்ராவும் புத்னியும்.
ஜார்கண்ட், ஜார்கண்ட் என்று அவன் மூன்று தடவை சொன்னான்.
பெங்காளி என்றுதான் கூப்பிடுகிறோம்.
குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்கிறான்,
கூட்டமாக வருகிறார்கள், சுவரெல்லாம் துப்புகிறார்கள்.
இந்தப் பேச்சை நான் வேறு பாஷையில்
சின்னப்பிள்ளையில் கேட்டிருக்கிறேன்.
அப்போது துப்பியது எங்கள் வெற்றிலை.

அவர்களுக்குச் சங்கத்தில் கார்டு கொடுக்கலாமா,
கை தூக்குங்கள் என்றார்கள்.
என் கை மடியிலேயே கிடந்தது,
நகத்தில் கொழுந்துக் கறையோடு.

தையில் புத்னிக்குப் பிள்ளை பிறந்தது,
ஜீப் வருவதற்குள், லயத்திலேயே.
அன்று ராத்திரி சோம்ரா கைமாற்றாக
இரண்டு படி அரிசி வாங்கிப் போனான்.
பால்கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்:
சோம்ரா. அரிசி படி இரண்டு.
மகன் பிறந்த நாள். தை பதினொன்று.

சனிக்கிழமை திருப்பித் தந்தான்,
படி தலை தட்டாமல், கூம்பாரமாக.
அடிக்கப் பேனாவை எடுத்தேன்.
மூடி வைத்துவிட்டேன்.

அரிசி டப்பாவில் கலந்தாயிற்று.
நோட்டில் மட்டும் அவன் இன்னும் தர வேண்டும்.

அடுத்த ஞாயிறு
மறுபடி சங்கக் கூட்டம்.