எந்த மரத்தடியில்

கொட்டில்பாட்டிலிருந்து நெய்யூருக்கு
வாழ்க்கைப்பட்டு வந்தபோது
சேலைகளுக்கு அடியில்
என் வேதத்தையும் வைத்துக் கட்டினாள் அம்மை.
இங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.
அதில் கர்த்தர், என்னுடையதில் ஆண்டவர்.
அதில் தேவன், என்னுடையதில் கடவுள்.
தீவில் இருந்து தரிசனம் கண்டவர்
இங்கே யோவான்,
அம்மை வாயில் கடைசிவரை அருளப்பர்.
ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று புரியவே
எங்களுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

ஞானாபரணத்துக்குக் குடியில்லை, சீட்டில்லை.
ரப்பர் ஷீட் விற்ற காசில்
ஸ்கேலும் சிவப்பு மையும் வாங்குவார்.
பழைய காலண்டர்களின் முதுகை ஒட்டி
சுவர் நீளத்துக்கு ஒரு படம்:
பொன் தலை, வெள்ளி மார்பு.
பாபிலோன், பாரசீகம், கிரேக்கம், ரோமாபுரி.
அதுவரை ஒழுங்காக இறங்கிய கோடு
களிமண் விரல்களில் வந்து
கண்டபடி கிளைக்கும்.
ஒரு நாள் என்றால் ஓர் ஆண்டு என்பார்.
எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான்
விடியும்வரை விளக்கு எரியும்.

அந்த வேதத்தை அவருக்கு முன் வைத்திருந்த
மூன்று பேரும் ஓரத்தில் ஆண்டு குறித்திருக்கிறார்கள்.
பென்சிலில் 1914.
நீல மையில் 1943.
அவர் அப்பா கையால் 1975.
அதற்குக் கீழே சிவப்பில் 1999, அது இவர்.
நான்கும் அடித்திருக்கிறது.
ஆண்டு தப்பியபோது
யாரும் புத்தகத்தை மூடவில்லை,
கோட்டை நீட்டிக்கொண்டார்கள்.

அலை வந்த அடுத்த ஞாயிறு
மார்த்தாண்டத்திலிருந்து வந்த பிரசங்கியார்
மைக்கில் சொன்னார்: நிறைவேறிவிட்டது.
எங்கள் ததேயுவை அதுவரை எடுக்கவில்லை.
எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.
கிடைக்காமல் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று ராத்திரி அவர் சிவப்புப் பேனாவைத் திறக்க
என் வேதத்தை முன்னால் விரித்தேன்.
சிங்கக் கெபியில் கிடந்தவரின் ஆகமம்
உங்களுக்குப் பன்னிரண்டில் முடிகிறது.
எனக்கு இன்னும் இரண்டு அதிகாரம்.
வாசியுங்கள்.

குளிக்கப் போன ஒருத்தி மேல்
பெரிய மனிதர் இரண்டு பேர் பழி சொல்கிறார்கள்.
ஊர் நம்புகிறது.
ஒரு வாலிபன் மட்டும்
அவர்களைத் தனித்தனியே நிறுத்திக் கேட்கிறான்:
எந்த மரத்தடியில் கண்டீர்?
ஒருவர் ஒரு மரம் சொன்னார்.
மற்றவர் இன்னொன்று.
நம் பக்கத்தில் வளராத மரங்கள் அவை,
மொழிபெயர்த்தவரும் கண்டிருக்க மாட்டார்.
அயினி என்றும் புன்னை என்றும் எழுதியிருந்தாலும்
கதை கெட்டிருக்காது.
இரண்டாக இருந்தால் போதும்.

உங்கள் வேத ஓரத்தில் நிற்கிறவர்களையும்
தனித்தனியே கூப்பிட்டு
எந்த ஆண்டு என்று கேட்டால்?

தள்ளுபடி ஆகமம் என்று சொல்வார் என நினைத்தேன்.
சொல்லவில்லை.
விரல் வைத்து, எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி
இரண்டு தடவை வாசித்தார்.
"அவர்கள் பொய் சொன்னார்கள், பிரகாசி.
எங்கப்பா பொய் சொல்லவில்லையே.
காத்திருந்தார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றைக்கும் இல்லை.

கடைசிப் பக்கங்களுக்குத் திருப்பினேன்.
இங்கே சமுத்திரம், என்னுடையதில் கடல்.
இரண்டிலும் அது இல்லாமல் போகிறது.
சமுத்திரம் என்றால் ஜனக்கூட்டம் என்பார் முன்பெல்லாம்,
கடல் என்றால் கடல்தான் என்று
நானும் மீன் கழுவிக்கொண்டே சொல்வேன்.
அன்று இருவரும் அதைப் பேசவில்லை.
இல்லாமல் போகுமுன்
தன்னிடம் இருப்பவர்களை அது திருப்பித் தரும் இடத்தில்
என் விரல் நின்றது.
அவர் வேதத்தில் அந்த இடத்துக்கு நேரே
ஓரம் வெள்ளையாகக் கிடந்தது.
நான்கு பேரில் ஒருவரும்
அங்கே ஒன்றும் எழுதவில்லை.

"அலை வந்தபோது மணி என்ன?" என்றார்.
சொன்னேன்.
மேசைக்கடியில் உருண்டிருந்த மூடியைத் தேடியெடுத்து
பேனாவை மூடினார்.