தனி வளை

க்டினியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
கண்டெய்னர் தூக்குகிறவள் பொக்னா.
இன்றிரவு சமையலறை மேசையில்
ஒரு காலித் தயிர் டப்பாவோடு
மல்லுக்கட்டுகிறாள்.

மகன் டிமெக் வாங்கி வந்த பல்லி
சிறுத்தைப் புள்ளிகளோடு,
இமைகளோடு.
சுவரேறத் தெரியாது.
சகுனம் சொல்லாது.
கொழுத்த வாலைப் பார்த்து
பியெரோக் என்று பெயர் வைத்தான்,
அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை.

எலி வளையானாலும் தனி வளை.
இதற்கோ மூன்று வேண்டுமாம்.
வெதுவெதுப்பாய் ஒன்று,
குளுமையாய் ஒன்று,
தோலுரிக்க ஈரமாய் ஒன்று.
"நமக்கே ரெண்டு பேருக்கு ஒரு அறை"
என்று சொல்ல வந்தவள்
கத்தரிக்கோல் தேடப் போனாள்.

டப்பாவில் வாசல் வெட்டினாள்.
விளிம்பு ரம்பமாய் நின்றது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
விரலால் தடவிப் பார்த்தாள்.
முதல் பத்து வருஷம் சங்கிலி பூட்டிய விரல்,
அதற்கு எல்லாமே வழுவழுப்புத்தான்.
கீழுதட்டை வைத்து ஓட்டினாள்.
குத்தியது.
மறுபடி தேய்த்தாள்.

உள்ளே நனைத்த பாசி,
சொட்டாமல் பிழிந்து.

டிமெக் குகை கட்டியிருந்தான்
கல்மேல் கல்லாக, மணல்மேல்.
சுண்டுவிரலால் ஒரு தட்டு.
சரிந்தது.
அவன் முகமும்.
"அது அடியில தோண்டும், தெரியுமா?
என்ன வைக்கிறோம்ங்கிறது அப்புறம்.
எதுமேல வைக்கிறோம்?"
மணலை ஒதுக்கிவிட்டு
கண்ணாடித் தரையிலேயே
பாதி உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்தார்கள்,
உடைந்த பக்கத்துக்கும் உப்புத்தாள்.
பசை வேண்டாம் என்றாள். நாற்றம் போகாது.

"ரொம்ப இடுக்கா இல்ல?"
"முதுகும் விலாவும் இடிக்கணும்மா.
இடிச்சாத்தான் அதுக்கு பயமிருக்காது."

அவள் பதில் சொல்லவில்லை.
கிரேன் கூண்டில்
முழங்கால் இரண்டும் கண்ணாடியில் முட்ட
தெர்மோஸ் காப்பியோடு
ஷிஃப்ட் முடிந்தும் இருபது நிமிஷம்
கணக்கெழுதும் சாக்கில்
இருந்துவிட்டு வருவதை
யாரிடமும் சொன்னதில்லை.
ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில்
ஒருத்தி ஒளிந்திருக்கிறாள் என்றால்
யார் நம்புவார்கள்?

காலையில்
சன்னலெல்லாம் பனி படிந்திருந்தது.
பூந்தொட்டி காலி.
அவன் செய்த அட்டைக் குழாயும் காலி.
தயிர் டப்பாவின் வாசலில்
வால் மட்டும் வெளியே,
எல்லாம் உள்ளே வந்துவிட்ட நினைப்பில்.

மூடியைத் திறக்கப் போன கையை
அவள் பிடித்துக்கொண்டாள்.
"பியெரோக் வீட்டுல இல்ல" என்றாள்.
"அப்புறமா வா."